கணினியில் மின்னஞ்சல் பார்க்க எந்த நிரல், எந்த வழங்குநர் நல்லது? எப்படி அமைப்பது?

மூன்று நான்கு கணக்குகளை உலாவியில் மாற்றி மாற்றித் திறந்து அலுத்துப்போனவர்கள் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் நிரலைத்தான் முதலில் தேடுவார்கள். நிரல் பிடிக்கவில்லை என்றால் ஒரே மதியத்தில் வேறொன்றுக்குத் தாவிவிடலாம். முகவரியை மாற்றுவதுதான் பெரும்பாடு. வங்கி, வரி, வேலை என்று அதைக் கொடுத்துவைத்த இடமெல்லாம் ஏறி இறங்க வேண்டும். ஆகவே வழங்குநரிலிருந்து தொடங்குகிறேன்.

இணைய இணைப்போடு இலவசமாக வரும் முகவரியை நம்ப வேண்டாம். நிறுவனத்தை மாற்றினால் முகவரியும் கையைவிட்டுப் போகலாம். அடுத்து, ஐமேப் (அஞ்சலை வழங்குநரின் சர்வரிலேயே வைத்துக்கொண்டு வேறு நிரல்களிலும் படிக்க உதவும் முறை) உண்டா என்று பாருங்கள். ஜிமெயில், யாகூ, அவுட்லுக்.காம், ஐகிளவுட், ஃபாஸ்ட்மெயில் எல்லாவற்றிலும் உண்டு. புரோட்டான் மெயிலில் நேரடியாகக் கிடையாது. 'பிரிட்ஜ்' என்ற இடைநிரலைக் கணினியில் ஓடவிட வேண்டும், அதுவும் கட்டணக் கணக்குகளுக்கு மட்டுமே. டூட்டாவில் ஐமேப்பே இல்லை. அவர்களுடைய செயலியில்தான் படித்தாக வேண்டும். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். படங்கள் இடத்தை அடைத்துக்கொண்டால் புது அஞ்சல் வருவதும் நின்றுபோகும்.

பத்து வருடக் கணக்கில் யோசிப்பவர்கள் சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) ஒன்றைப் பதிவு செய்து அதில் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. வழங்குநர் பிடிக்கவில்லையா, எம்எக்ஸ் பதிவை (அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டொமைன் குறிப்பை) மாற்றினால் போதும், முகவரி அப்படியே இருக்கும். இரண்டு இடத்தில் சறுக்கும். எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் குறிப்பு) ஒன்றுதான் இருக்க வேண்டும். புது வழங்குநருக்கென்று இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போய், நீங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழத் தொடங்கும். இன்னொன்று, டொமைன் பதிவாளரிடம் கொடுக்கும் தொடர்பு முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் எச்சரிக்கை அஞ்சலும் உங்களுக்கு வந்துசேராது. பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான்.

இப்போது நிரல். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவது, இலவசம், ஏராளமான கணக்குகளைத் தாங்குவது என்று பார்த்தால் தண்டர்பேர்ட்தான் என் தேர்வு. மேக் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அதோடு வரும் மெயில் நிரலே போதும். விண்டோஸின் பழைய மெயில் செயலிக்கு ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதன் இடத்தில் வந்த புதிய அவுட்லுக்கில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: வேறு நிறுவனத்துக் கணக்கைச் சேர்த்தால், அந்த அஞ்சல்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுட் வழியாக ஒத்திசைக்கப்படும். உங்களுக்கு அது சரி என்றால் சரி. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அமைக்கும்போது முதல் முடிவு ஐமேப்பா, பாப்பா என்பது. ஐமேப்பில் அஞ்சல் சர்வரில் இருக்கும். கணினியில் தெரிவது அதன் பிரதி. போனில் அழித்தால் இங்கும் அழியும். பாப் அஞ்சலை இறக்கிவைத்துக்கொண்டு, பிறகு சர்வரிலிருந்து அகற்றும். தண்டர்பேர்ட் வழக்கமாக 14 நாள் விட்டுவைக்கும். போனும் கணினியும் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு ஐமேப்தான். பாப் என்று தெரியாமல் சேர்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் போனில் பழைய அஞ்சல்கள் காணோம் என்று அலறுவது அடிக்கடி நடப்பது.

பெயர், முகவரி கொடுத்தால் பிரபல வழங்குநர்களின் சர்வர் விவரங்களைத் தண்டர்பேர்ட் தானே கண்டுபிடித்துவிடும். ஜிமெயிலுக்கு உள்நுழைவுச் சாளரம் ஒன்று திறக்கும். அதுதான் ஓஆத்2, பாஸ்வேர்டு நிரலிடம் போகாது, அனுமதி மட்டும் போகும். அந்தச் சாளரம் பாஸ்வேர்டு கேட்டுக்கேட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்தால், தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் குக்கிகள் தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஓஆத்2 தெரியாத பழைய நிரலானால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அந்த நிரலுக்கென்றே தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். அவுட்லுக்.காமில் அந்த வழியும் இல்லை. 2024 செப்டம்பர் 16 முதல் அங்கே வெறும் பாஸ்வேர்டில் நிரல்கள் இணைய முடியாது.

கையால் அமைக்க நேர்ந்தால், உள்வரும் ஐமேப்புக்கு போர்ட் (சர்வரின் வாசல் எண்) 993, பாப் என்றால் 995, இரண்டுக்கும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், அதாவது தொடக்கத்திலிருந்தே மறையாக்கம். அனுப்பும் எஸ்எம்டிபிக்கு 465 போட்டால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 போட்டால் ஸ்டார்ட்டிஎல்எஸ், அதாவது சாதாரணமாகப் பேச்சைத் தொடங்கிப் பிறகு மறையாக்கத்துக்கு மாறுவது. இந்த ஜோடியை மாற்றிப் போடுவதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று வைத்தால், சர்வர் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று நிரல் காத்திருக்கும். நிரல் முதலில் மறையாக்கத்தைத் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். இருவரும் வாயைத் திறக்காமல் நேரம் முடிந்து 'டைம்டு அவுட்' வரும். 587-இல் எஸ்எஸ்எல் என்று வைத்தால் காத்திருப்பே இல்லை, உடனே பிழை. ஆக, பிழை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதிலேயே காரணம் பாதி தெரிந்துவிடும். போர்ட் 25 சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வது. பல இணைப்புகளில் அதை அடைத்தே வைத்திருப்பார்கள்.

அஞ்சல் வருகிறது, போகவில்லை என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டுதான். வரவுக்கும் அனுப்பலுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்திருப்பீர்கள். செட்டிங்ஸில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறந்து, ஐமேப் என்றும் எஸ்எம்டிபி என்றும் தொடங்கும் வரிகளில் பழையதை அழித்துவிட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள். அங்கேயே அந்தப் பட்டியலைப் பூட்டும் பிரைமரி பாஸ்வேர்டு ஒன்றும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினியில் உட்காருகிற யாரும் அந்தப் பட்டியலைத் திறந்து படித்துவிடலாம்.

இணைப்புக் கோப்பு விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அனுப்பும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாறுவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. பெருகிய அளவைக் கணக்கில் எடுக்கும் சர்வரில் இதே எல்லை இருந்தால் 20 எம்பி கோப்பும் திரும்பிவரும். 18 எம்பிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணினியில் இடம் குறைவாக இருந்தால் அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கம் போய், அண்மை நாட்களை மட்டும் இறக்கும்படி மாற்றுங்கள். எத்தனை நாள் என்று நீங்களே எண் கொடுக்கலாம். அழித்தும் இடம் குறையவில்லையே என்று தோன்றினால், அது கோளாறு இல்லை. தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் எல்லா அஞ்சலையும் வழக்கமாக ஒரே கோப்பில் அடுக்கிவைக்கும். அழித்தது அந்தக் கோப்பில் மறைந்து கிடக்குமே தவிர வெளியேறாது. ஃபோல்டர் மீது வலது சொடுக்கி 'காம்பாக்ட்' கொடுத்தால் கோப்பு சுருங்கும். ஒரே கோப்பு என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே ஒரு வைரஸ் அஞ்சல் இருந்தால், சில ஆன்டிவைரஸ் நிரல்கள் இன்பாக்ஸ் கோப்பையே தூக்கித் தனிமைப்படுத்திவிடும். தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை (அஞ்சல்களும் அமைப்புகளும் கணினியில் சேமிக்கப்படும் இடத்தை) அந்தச் சோதனையிலிருந்து விலக்கிவைப்பது உத்தமம்.

ஐமேப் பிரதி இருக்கிறதே, அதுவே பேக்கப் என்று எண்ண வேண்டாம். சர்வரில் அழிந்தால் இங்கும் அழியும். முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுத்து 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு 'காப்பி டு' கொடுங்கள், 'மூவ்' வேண்டாம். நடுவில் இணைப்பு அறுந்தாலும் மூலம் சர்வரில் பத்திரமாக இருக்கும். நாலைந்து அஞ்சல்களை இணைப்போடு திறந்து சரிபார்த்த பிறகு சர்வரில் உள்ளதை அழிக்கலாம். மாதம் ஒருமுறை தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவையுங்கள். நிரல் திறந்திருக்கும்போது எடுத்த நகலில் கோப்புகள் பாதியில் நிற்கலாம்.