வாசகர் கேள்வி – பதில்: மக்காவ் நகரில் சூதாடாதவர்களுக்கு என்ன இருக்கிறது?

பயணப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பல, ஹாங்காங்குக்கு அருகே சீனத் தென்கரையிலுள்ள சூதாட்ட நகரான மக்காவைப் பற்றியவை. ஒரே பொருளைத் தொட்டவற்றை இணைத்து இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: வரும் நவம்பரில் மனைவியுடனும் எழுபது வயதைக் கடந்த தாயாருடனும் ஹாங்காங் செல்லவிருக்கிறேன். பயண முகவர், மக்காவை ஒரு நாள் சுற்றுலாவாகச் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். எங்களில் யாருக்கும் சூதாட்டத்தில் நாட்டமில்லை. அங்கே போவது வீண்தானா?
– வாசகர், கோவை

மக்காவுக்குப் போவது வீண் அன்று; காலையில் போய் மாலையில் திரும்புவதுதான் வீண். ஒரு நாள் சுற்றுலாவில், தீயில் எரிந்து முகப்பு மட்டும் எஞ்சிய புனித பவுல் தேவாலயத்தின் முன்னால் ஒரு படம், செனாடோ சதுக்கத்தில் பலகாரக் கடை, பிறகு சூதாட்ட விடுதிகள் நிறைந்த கோத்தாய் பகுதியின் பிரம்மாண்ட விடுதி ஒன்றில் இரண்டு மணி நேரம் என்பதே வழக்கமான ஏற்பாடு. அந்தத் தேவாலயம் 1835ஆம் ஆண்டு எரிந்தது. அதன் கல் முகப்பு காண வேண்டியதே, ஐயமில்லை. ஆனால் நண்பகலில் அங்கே உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மற்றவர்களுடைய தோள்களின் தரிசனமாகத்தான் இருக்கும்.

1557 முதல் போர்த்துகீசியர் குடியிருந்து, 1999 டிசம்பர் 20 அன்று சீனாவிடம் ஒப்படைக்கப்பட்ட ஊர் இது. இதன் பழைய நகரப் பகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோவில், தேவாலயம், சீனச் செல்வந்தரின் மாளிகை, போர்த்துகீசிய நாடக அரங்கு ஆகிய யாவும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன. பகல் கூட்டம் கலைந்த பிறகும், மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னரும் அந்தத் தெருக்களைப் பார்ப்பதற்காகவே இரண்டு இரவுகள் தங்கலாம். கோத்தாயின் பெருவிடுதிகளைவிட, பழைய நகரம் அமைந்த தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள உள்துறைமுகப் பக்கம் அறை எடுப்பது மேல். வெள்ளி, சனி இரவுகளில் வாடகை வெகுவாக ஏறும் என்பதால் திங்கள் முதல் வியாழனுக்குள் தங்குவது நல்லது. பழைய நகரம் மேடும் பள்ளமுமானது. நடைபாதைகளில் பதித்த கறுப்பு வெள்ளைக் கற்கள் மழைநாளில் வழுக்கும். ஆகவே தாயாருக்கு நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எங்கள் கடற்கரை ஊர்களில் சமயப் பணி ஆற்றிய புனித சவேரியாரின் திருப்பண்டம் ஒன்று மக்காவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? பொதுவாகச் சுற்றுலாக்காரர்கள் அதிகம் செல்லாத இடங்களையும் சொல்லுங்கள்.
– வாசகி, தூத்துக்குடி

உண்மைதான். முத்துக்குளித்துறையில் பரதவர் மக்களிடையே பணியாற்றிய சவேரியார், சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது 1552 டிசம்பரில் சாங்சுவான் தீவில் காலமானார். அப்போது மக்காவ் என்ற போர்த்துகீசியக் குடியேற்றமே உருவாகியிருக்கவில்லை. அவருடைய திருவுடல் கோவாவில் இருப்பது நீங்கள் அறிந்ததே. மேல்கை எலும்பின் ஒரு பகுதி மக்காவின் புனித சூசையப்பர் குருமடத் தேவாலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 1758இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தத் தேவாலயத்துக்குப் பவுல் தேவாலயத்துக்கு வரும் கூட்டத்தில் சிறு பங்கும் வருவதில்லை. தென்கோடியிலுள்ள கொலோவான் கிராமத்தில் சவேரியார் பெயராலேயே 1928இல் எழுப்பப்பட்ட சிற்றாலயம் ஒன்றும் உண்டு. அதன் முன்னுள்ள நினைவுச்சின்னம் 1910இல் கடற்கொள்ளையரை முறியடித்ததைக் குறிக்கிறது.

மற்ற இடங்களில் முதலாவதாக நான் பரிந்துரைப்பது, அல்மெய்டா ரிபெய்ரோ சாலையிலுள்ள ‘தக் செங் ஓன்’ அடகுக்கடை அருங்காட்சியகம். 1917இல் தொடங்கப்பட்ட கடை இது. வாசலில் நுழைந்ததும் பெரிய மரத் தடுப்பு ஒன்று குறுக்கே நிற்கும். உள்ளே நகையை வைத்துவிட்டு நிற்பவரைத் தெருவில் போகிறவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதைத் தாண்டினால் கல்லாமேடை தலைக்குமேல் உயர்ந்திருக்கும். அடகு வைக்க வந்தவர் அண்ணாந்து கைநீட்டித்தான் பொருளைக் கொடுக்க வேண்டும். பின்புறம் தடித்த சுவர்களும் கீற்றுப் போன்ற சன்னல்களும் கொண்ட கோபுரம், அடகுப் பொருள்களின் காப்பறை. கடையை நிறுவியவர், பின்னாளில் 1937இல் இந்நகரின் சூதாட்ட ஏகபோக உரிமையைப் பெற்ற கூட்டாளிகளில் ஒருவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மேசையில் தோற்றவரின் கைக்கடிகாரம் எந்த வழியாக எங்கே போயிற்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சூதாட்டக் கூடமும் காட்டாது.

அங்கிருந்து தெற்கே நடந்தால், சீனச் சீர்திருத்தச் சிந்தனையாளர் ஷெங் குவான்யிங் குடும்பத்தினரின் ‘மாண்டரின் இல்லம்’ வரும். அறுபதுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட இந்த மாளிகை 1869 வாக்கில் கட்டப்பட்டது. பிற்காலத்தில் ஏறத்தாழ முந்நூறு பேர் வாடகைக்குக் குடியிருந்து சீர்குலைந்துபோக, பல்லாண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 2010இல் திறக்கப்பட்டது. கண்ணாடிக்கு மாற்றாக மெல்லிய கிளிஞ்சல் தகடுகளைப் பதித்த சன்னல்களை நின்று பாருங்கள். கோவாவின் பழைய வீடுகளிலும் இதே வேலைப்பாடு உண்டு. நுழைவு இலவசம், புதன்கிழமை விடுமுறை. சற்றுத் தள்ளி, அ-மா என்னும் கடல் தெய்வத்தின் கோவிலுக்குப் போகும் வழியில், கூர்வளைவுகள் வரிசையிட்ட மஞ்சள் வெள்ளைக் கட்டடம் ஒன்று தென்படும். அது மூரிஷ் பாரக்ஸ்: மக்காவ் காவல்படைக்கு வலுச்சேர்க்கக் கோவாவிலிருந்து வரவழைத்த இந்தியப் படையினர் தங்குவதற்காக 1874இல் கட்டப்பட்டது. இன்று கடல்சார் துறை அலுவலகமாக இயங்குவதால் தாழ்வாரம் வரைதான் அனுமதி.

சென்னையோடு தொடர்புள்ள கல்லறை ஒன்றும் இருக்கிறது. 1802 முதல் சில ஆண்டுகள் சென்னப்பட்டணத்திலும் பிறகு கல்கத்தாவிலும் ஓவியம் தீட்டிய ஜார்ஜ் சின்னரி, பெருங்கடனில் சிக்கி 1825இல் மக்காவுக்குத் தப்பி வந்து, 1852இல் இறக்கும்வரை பெரும்பாலும் இங்கேயே காலம் கழித்தார். கமோயிஷ் பூங்காவையடுத்த பழைய புராட்டஸ்டண்ட் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். விவிலியத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்த ராபர்ட் மாரிசனும் அங்கேதான். பூங்காவில் காலை வேளையில் முதியவர்கள் பறவைக் கூண்டுகளை மரக்கிளைகளில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

குயா குன்றின் உச்சியில் 1865ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய சிற்றாலயமும் விடக் கூடாதது. கிறித்தவ உருவங்களும் சீனப் பாணி வரைவுகளும் கலந்த அதன் சுவரோவியங்கள், பூச்சின் கீழ் மறைந்து கிடந்து 1990களில்தான் வெளிப்பட்டன.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவையா? ஹாங்காங் வழியாகத்தான் போக வேண்டுமா?
– வாசகர், திருச்சி

மக்காவில் இந்தியர்கள் விசா இன்றி 30 நாள் வரை தங்கலாம். சிக்கல் இருப்பது ஹாங்காங்கில்தான். அங்கே 14 நாள் விசாவின்றித் தங்குவதற்கு, புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் முன்வருகைப் பதிவு செய்து அதன் அச்சுப்படியைக் கையில் வைத்திருக்க வேண்டும். மக்காவிலிருந்து மீண்டும் ஹாங்காங்குக்குள் நுழையும்போதும் அதே பதிவு செல்லுபடியாகும். அதன் காலம் முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு வாங்கும் முன் இரு அரசுகளின் குடிவரவுத் தளங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லைக்கு அப்பாலுள்ள ஜுஹாய் நகருக்கு எட்டிப் பார்க்க நினைத்தால் தனியாகச் சீன விசா வேண்டும்.

ஹாங்காங் கட்டாயம் இல்லை. கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் ஆகிய நகரங்களிலிருந்து மக்காவுக்கு நேரடி விமானங்கள் உண்டு. உங்கள் ஊரிலிருந்து புறப்படுவோருக்கு அது எளிய வழி. ஹாங்காங்கிலிருந்து என்றால், 2018இல் திறக்கப்பட்ட 55 கிலோமீட்டர் கடற்பாலத்தில் பேருந்து சுமார் 40 நிமிடத்தில் கொண்டுவிடும். கப்பலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் பேருந்தையே தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: கையில் என்ன பணம் வைத்துக்கொள்ள வேண்டும்? உள்ளூரில் சுற்ற வாடகைக் கார் அவசியமா?
– வாசகி, ஈரோடு

மக்காவின் நாணயம் படாக்கா. ஆனால் ஹாங்காங் டாலரை எல்லாக் கடைகளிலும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். உண்மையான மதிப்பில் 100 டாலருக்கு 103 படாக்கா என்பதால் சிறு இழப்பு உண்டு. அதைப் பொருட்படுத்த வேண்டாம். மீதிச் சில்லறை படாக்காவாக வந்தால் அங்கேயே செலவழித்துவிடுங்கள், ஹாங்காங்கில் அது செல்லாது. நகரப் பேருந்தில் எவ்வளவு தூரம் சென்றாலும் 6 படாக்கா. நடத்துநர் கிடையாது, சில்லறையும் தரமாட்டார்கள், எனவே நாணயங்களைச் சேர்த்து வைத்திருங்கள்.

கார் தேவையே இல்லை. விமான நிலையம், கப்பல் துறை, பாலத்தின் முனை ஆகிய இடங்களிலிருந்து பெருவிடுதிகள் இலவசப் பேருந்துகளை விடுகின்றன. நீங்கள் அங்கே தங்குகிறீர்களா, சூதாடுகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. குளிரூட்டிய பேருந்து, தூய்மையான கழிப்பறை, அமர இடம் ஆகிய மூன்றுக்கும் சூதாட்டக் கூடங்களைத் தயக்கமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம். தோற்றவர்கள் ஏற்கெனவே அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்போம். முட்டையும் ஆகாது. சமாளிக்க முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

முடியும், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் உண்ண வேண்டும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். போர்த்துகீசியக் கீரைச் சூப்பில் இறைச்சித் துண்டு மிதக்கும். புகழ்பெற்ற ‘எக் டார்ட்’ பெயரிலேயே முட்டையைச் சொல்லிவிடுகிறது. பரிசாக வாங்கிவரும் வாதுமை பிஸ்கட்டுகள் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்வதுண்டு. இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச் சாறு எதுவும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். பெருவிடுதிப் பகுதிகளில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன; விலை சற்றுக் கடுமை. நீங்கள் அச்சமின்றி உண்ணத்தக்கது இஞ்சிப் பால். இஞ்சிச் சாற்றின்மேல் சூடான பாலை ஊற்றியதும் சில நிமிடங்களில் சீம்பால்போல உறைந்துவிடும், முட்டை சேர்க்கப்படுவதில்லை. அருகிலேயே விற்கும் ஏடு படிந்த வெள்ளைப் பால் கட்டியில் முட்டை வெண்கரு உண்டு, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் 19 வயது மகனுடன் சூதாட்டக் கூடத்தைச் சும்மா பார்த்துவரலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மதுரை

மகனை அழைத்துச் செல்ல முடியாது. வயது வரம்பு 21. நீங்கள் நுழையலாம், கட்டணம் இல்லை, படம் எடுக்கக் கூடாது. மக்காவின் அரசு ஊழியர்களுக்கே, சீனப் புத்தாண்டு நாள்கள் தவிர, அங்கே நுழையத் தடை இருக்கிறது என்பதை மகனிடம் சொன்னால் அவன் அதிகம் வருந்தமாட்டான்.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது?
– வாசகி, சேலம்

அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரை. அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் மே தின விடுமுறையும் தவிர்க்க வேண்டியவை. நவம்பர் மாதக் கார் பந்தயத்தின்போது நகரச் சாலைகளே பந்தயத் தடமாவதால் குயா குன்றைச் சுற்றிய சாலைகள் அடைக்கப்படும். மேலே எழுதிய கோவை வாசகர் தேதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புயல் மிகுந்த காலம். எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் கப்பலும் பேருந்தும் நின்றுவிடும் என்பதால், அந்த மாதங்களில் செல்வோர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை விமானம் புறப்படும் நகரிலேயே கழிக்கும்படி திட்டமிட வேண்டும்.