எந்த வயசுல எது ஆளைக் கொண்டுபோகுது? – டாக்டரின் பதில்கள்

பொது சுகாதாரத் துறையில் பிறப்பு இறப்புக் கணக்குப் பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். உலகத்தில் யார் எந்த வயதில் எதனால் இறக்கிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி சர்க்கரை மாத்திரை பற்றிய கேள்வி. அதை உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீதி இங்கே.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: சுதந்திரம் வந்தப்ப நம்ம நாட்டுல சராசரி ஆயுசு 32ன்னு பேரன் படிச்சுக் காட்டுறான். எங்க ஐயாவுக்கு எண்பதாம் கல்யாணமே பண்ணிப் பார்த்தோமே, அது எப்படி?

32 வயதில் எல்லாரும் போய்விட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை, ஆச்சி. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: பத்துப் பிள்ளை பிறக்கிறது. நாலு முதல் வருஷத்துக்குள் போய்விடுகிறது. மீதி ஆறு பேரும் 55 வரை இருக்கிறார்கள். சராசரி போட்டால் 33. ஆனால் 33 வயதில் அங்கே யாருமே சாகவில்லை! பச்சைக் குழந்தைப் பருவத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு அறுபதும் எண்பதும் அப்போதும் நடந்தது. 'பெத்தது ஒன்பது, தங்குனது நாலு' என்று அந்தக் காலத்து மனுஷிகள் சொல்வதை நீங்களே கேட்டிருப்பீர்கள். நம் செட்டிநாட்டுப் பக்கம் பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும் வழக்கம் இத்தனை பரவியதற்கு இந்தச் சாவுகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பிள்ளைகளைக் கொண்டுபோனவை பெரியம்மை, காலரா, வயிற்றுப்போக்கு, நிமோனியா. பெரியம்மை 1980-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் போதும் என்பதை 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் காட்டினார். ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோன கட்டாயத்தில் செய்தது அது. நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் நாலுக்குக் கீழே வந்தது.

காரைக்குடி, கைக்குழந்தைக்காரி: எந்த வயசு தாண்டினா பயமில்ல டாக்டர்?

முதல் 28 நாள்தான் மோசமான நாட்கள். 1990-இல் உலகத்தில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். 2023-இல் 48 லட்சம். அதில் ஏறக்குறைய பாதி முதல் மாதத்திலேயே நடக்கிறது: குறைமாதம், பிரசவத்தில் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று. தாய்ப்பால், தடுப்பூசி இரண்டையும் விட்டுவிடாதேம்மா. வாழ்க்கையிலேயே சாவு மிகக் குறைவாக இருப்பது பத்து முதல் பதினாலு வயதில்.

புதுவயல், அரிசி ஆலைக்காரர்: பையனுக்குப் பத்தொன்பது. பைக் கேட்டு அடம் பிடிக்கிறான்.

ஐந்திலிருந்து 29 வயது வரை உலகத்தில் முதல் எமன் சாலை விபத்துதான். எந்த நோயும் இல்லை. வருஷத்துக்குப் பதினொன்றரை லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள், பத்தில் ஒன்பது பேர் நம்மைப் போன்ற நாடுகளில். ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவதற்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் இன்னொன்றும் உண்டு, வீடுகளில் பேசமாட்டோம்: தற்கொலை. பையன் திடீரென்று ஒதுங்கி இருந்தால் பரீட்சை மார்க்கைப் பற்றிப் பேசாமல் அவனைப் பற்றிக் கேளுங்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

கண்டனூர்ப் பக்கம் ஒரு கிராமம்: எங்க ஊர்ல சாவு மேல சாவு. போர் தண்ணி கெட்டுப்போச்சுங்கிறாங்க, தெய்வக்குத்தம்ங்கிறாங்க.

இருப்பதில் நல்ல கேள்வி இதுதான். முதலில் ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பெரிய வீடுகளில் பாதி பூட்டு. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். மிச்சம் எழுபது தாண்டிய ஆச்சிமார்களும் காவலுக்கு ஒரு குடும்பமும். அந்த ஊரில் பந்தல் அடிக்கடி போடத்தான் வேண்டிவரும்.

ஜப்பானில் ஆயிரம் பேருக்கு வருஷம் பன்னிரண்டுக்கு மேல் இறப்பு. இந்தியாவில் ஏழு அளவுதான். அதற்காக ஜப்பான்காரன் நோஞ்சான் ஆகிவிடுவானா? அவன் சராசரி ஆயுள் 84. கிழவர்கள் அதிகம், அதனால் சாவும் அதிகம். கத்தாரில் வேலைக்குப் போன இளவட்டங்களே நிறைந்திருப்பதால் வீதம் இரண்டைத் தாண்டுவதே அபூர்வம். வயதைப் பிரித்துப் பார்க்காத இறப்பு வீதத்தை நான் நம்புவதே இல்லை. அறுபது முதல் எழுபது வயதில் ஊரில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் போனார்கள் என்று பத்து வருஷத்துக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நாற்பது வயதுக்காரர்களோ குழந்தைகளோ அடுத்தடுத்துப் போனால் கதை வேறு, உடனே சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். தண்ணீரை எப்படியும் சோதிக்கலாம், தப்பில்லை.

கோட்டையூர், கல்லூரி மாணவர்: வயசு ஏற ஏற ஆபத்து எந்தக் கணக்குல ஏறுது சார்?

வட்டிக்கு வட்டி, தம்பி. முப்பதுக்கு மேல் ஏறக்குறைய எட்டு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 1825-இல் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டது; அவர் ஆயுள் காப்பீட்டுக் கணக்கர். கொரோனாவும் ஏறத்தாழ இந்தக் கோட்டிலேயே போனது. ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற 1918 விஷக்காய்ச்சல்தான் விதிவிலக்கு, இருபது முதல் நாற்பது வயதுக்காரர்களை ஏராளமாக வாரிக்கொண்டு போனது.

கானாடுகாத்தான்: பொம்பளைங்கதான் அதிக நாள் இருக்காங்களாமே?

ஆமாம், உலக அளவில் ஐந்து வருஷம் போல. புகை, குடி, வண்டி என்று ஆண்கள் தேடிப் போவது பெரும் பங்கு, உடற்கூறு கொஞ்சம்.

பள்ளத்தூர், மெஸ் நடத்துபவர், வயது 52: மாரடைப்பெல்லாம் இப்ப வந்ததுதானே? நான் ஒண்ணே ஒண்ணு பார்த்துக்கணும்னா எது?

பாதி உண்மை. முன்பு மாரடைப்பு வரும் வயது வரை பலர் இருக்கவில்லை. ஆனால் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முந்தி வருகிறது என்பதும் ஆய்வில் கண்டது. அதனால் உங்கள் வயதில் பார்க்க வேண்டியது பிரஷர். உலகத்தில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வருகிறார்கள், 'எனக்கு ஒண்ணுமில்லம்மா' என்று அனுப்பிவிடாதீர்கள். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். மெஸ்ஸில் ஊறுகாயையும் அப்பளத்தையும் கேட்டவர்களுக்கு மட்டும் வையுங்கள்.