இவ்வளவு காரம் இருந்தும் பழம் ஏன் அழுகுகிறது?

அன்புள்ள அக்கா,

தேவிபட்டினம் பக்கம் எங்களுக்கு மானாவாரியில் குண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய் என்று பெருமை பேசுகிறோம். ஆனால் தை மாதத்தில் மழை பெய்துவிட்டால் பழத்தில் கறுப்பாக வட்டம் விழுந்து குழிந்துபோகிறது. களத்தில் காயப்போட்டால் வெளுத்துச் சோடையாகிறது. ஒரு செடியில் இலையில் சின்னப் புள்ளிகளோடு எல்லாம் நின்றுவிடுகிறது, பக்கத்துச் செடி முழுக்கப் போய்விடுகிறது. மனிதர்களைப் போல் செடிக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டா? இவ்வளவு காரம் வைத்திருக்கும் செடியால் ஒரு பூஞ்சையை விரட்ட முடியாதா? அப்பா, மருந்து அடிக்காமல் எதுவும் நிற்காது என்கிறார்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

எதிர்ப்புச் சக்தி உண்டு. ஆனால் ரத்தத்தில் ஓடிப்போய்ச் சண்டை போடுகிற செல்கள் செடிக்குக் கிடையாது. ஒவ்வொரு செல்லும் இருந்த இடத்திலேயே நின்று தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடுப்பு மேல்தோலும் அதன் மெழுகுப் பூச்சும். அதைத் துளைப்பது பூஞ்சைக்கு லேசான வேலை இல்லை. நெல்லில் குலை நோய் உண்டாக்கும் பூஞ்சை இலையில் ஒட்டிக்கொண்டு, நுண்ணிய குமிழ் ஒன்றை உருவாக்கி, அதற்குள் ஏறக்குறைய 80 வளிமண்டல அளவுக்கு அழுத்தத்தை ஏற்றிக் குத்துகிறது. கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு. உங்கள் பழ அழுகல் பூஞ்சையும் குமிழ் வைத்து நுழைகிற வகைதான்.

குத்தி உள்ளே வந்தது பூஞ்சைதான் என்று செடிக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் இருக்கிறது. உங்கள் கரையில் குவிந்துகிடக்கும் இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பது அதே பொருள். செடியின் உடம்பில் கைட்டின் கிடையவே கிடையாது. அதனால் பூஞ்சைச் சுவரை அறுக்கும் நொதி ஒன்றைச் செடி சுரக்கிறது. அறுபட்ட துணுக்குகள் செல்லின் மேல் உள்ள ஏற்பிகளில் பட்டதும் வெளியாள் வந்துவிட்டான் என்று தெரிந்துவிடுகிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைத் தெளித்தால் செடி உஷாராவதும் இதனால்தான்.

அப்புறம் காரியங்கள் வேகமாக நடக்கின்றன. குத்துப்பட்ட இடத்தில் சுவர் தடிக்கிறது. பூஞ்சையைத் தடுக்கும் சேர்மங்கள் அங்கேயே தயாராகின்றன. மிளகாய்க் குடும்பத்தில் அப்படி ஒன்றுக்குக் கேப்சிடியால் என்று பெயர். இதுவும் போதாவிட்டால், சுற்றியுள்ள செல்கள் தாமே செத்துப்போகின்றன. உயிருள்ள செல்லில்தான் பிழைக்க முடியும் என்கிற பூஞ்சை அந்த இடத்திலேயே பட்டினியாகி நின்றுவிடும். நீங்கள் பார்த்த, விரியாத சின்னப் புள்ளிகள் அப்படிப்பட்டவையாக இருக்கலாம். எல்லாப் புள்ளியும் அப்படி இல்லை. வளையம் வளையமாக விரிந்தால் ஜெயிப்பது நோய். செத்த திசுவைத் தின்று வளரும் பூஞ்சைகளிடம் இந்த வழி செல்லுபடியாகவும் செய்யாது.

பக்கத்துச் செடி ஏன் போனது? 1940-களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஃப்ளோர் என்பவர் ஆளிச் செடியின் துரு நோயை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்: செடியில் உள்ள ஓர் எதிர்ப்பு மரபணு, பூஞ்சையில் அதற்கு ஈடான மரபணு இருந்தால்தான் வேலை செய்யும். மிளகாயில் அயல் மகரந்தச் சேர்க்கையும் நடப்பதால், சொந்த விதை போட்ட வயலில் செடிக்குச் செடி இப்படிப்பட்ட மரபணுக்கள் மாறும்; பக்கத்துச் செடியில் அது இல்லாமல் இருந்திருக்கலாம்.

சரி, காரத்துக்கு வருவோம். காரம் உண்மையிலேயே பூஞ்சைக்கு எதிரான ஆயுதம்தான். பொலிவியாவில் ஒரு காட்டு மிளகாய் இனத்தில் காரமுள்ள செடியும் காரமில்லாத செடியும் கலந்தே வளர்கின்றன. அங்கே பூச்சிகள் பழத்தைத் துளைக்க, அந்தத் துளை வழியே ஃபியூசேரியம் பூஞ்சை விதையைப் பிடிக்கிறது. காரமுள்ள பழங்களின் விதைகள் அதிகம் தப்புகின்றன என்று 2008-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் காரம் உண்டாவது பழத்துக்குள்ளே, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். அது காப்பது விதையை. தோல் வழியாக நுழையும் உங்கள் வயல் பூஞ்சை வேறு இனம். எத்தனையோ காரமான ரகங்களிலும் அது நன்றாகவே வளர்கிறது.

அப்பா சொல்வதை முழுக்கத் தள்ள மாட்டேன். ஆனால் கறுப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு அடிப்பது காலம் கடந்த வேலை. பச்சைக் காயிலேயே நுழைந்து, பழுக்கும்வரை அடங்கியிருந்து பிறகு கிளம்புகிற பூஞ்சை இது. விதை வழியாகவும் வரும், மழைத் துளி தெறித்தும் பரவும். ஆகவே விதையில் ஆரம்பியுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சை, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா கலந்து விதையுங்கள். சூடோமோனாஸ் வேரில் குடியேறி, செடி முழுவதையும் முன்கூட்டியே உஷாராக்கி வைக்கும். அழுகிய பழங்களை வயலில் உதிர விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

இன்னொன்று. புள்ளிகளோடு நின்றுவிட்ட அந்தச் செடியில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அதில் நோயில்லாத பழமாகப் பார்த்து விதை எடுத்து, வரும் புரட்டாசியில் தனி வரிசையாகப் போடுங்கள். மழைக்குப் பிறகு அந்த வரிசை எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுத வேண்டும்.

அன்புடன்,
அக்கா