வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா? மருத்துவச்சி ஆக என்ன படிக்கணும்?

கேள்வி: சிஸ்டர், எனக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். லண்டனில் இருக்கும் என் நாத்தனார் இரண்டாவது குழந்தையை வீட்டிலேயே மிட்வைஃபை (படித்த மருத்துவச்சியை) வைத்துப் பெற்றுக்கொண்டாள். எங்க பாட்டியும் ஆறு பிள்ளைகளை வீட்டில்தான் பெற்றாங்க. ஆஸ்பத்திரியில் வலியில் கத்தினால் திட்டுவார்களாமே, அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நானும் வீட்டில் பெற்றுக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: வேண்டாம்மா. வீட்டில் பிள்ளை பெறுவதே தப்பு என்று சொல்லவில்லை. உங்கள் நாத்தனாருக்குக் கிடைத்தது இங்கே உங்களுக்குக் கிடைக்காது, அதனால் சொல்கிறேன். அங்கே வீட்டுக்கு வருபவர் பதிவு பெற்ற மிட்வைஃப். ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும், மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்று கொடுக்கும் பையும் அவர் கையில் இருக்கும், கோளாறு என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதும் முதலிலேயே பேசி வைத்திருப்பார்கள். அப்படியிருந்தும் இங்கிலாந்தில் சிக்கல் எதிர்பார்க்காத சுமார் 64,000 பிரசவங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டபோது, இரண்டாவது மூன்றாவது பிரசவத்தில் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குழந்தையின் பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் குழந்தைக்குப் பெரிய பாதிப்பு வந்தது 1,000க்கு 9 என்றும், டாக்டர்கள் இருக்கும் ஆஸ்பத்திரியில் 1,000க்கு 5 என்றும் வந்தது. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவக்காரர்களில் 100க்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்றவும் வேண்டியிருந்தது. நீங்கள் அந்த வரிசையில்தானே இருக்கிறீர்கள்.

குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்காவிட்டால் சில நிமிடத்தில் ரத்தம் கொட்டிவிடும். அதனால்தான் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை 10 யூனிட் போடுகிறோம். வீடியோ பார்த்துவிட்டு வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த ஊசியை யார் போடுவது? பாட்டி ஆறு பெற்றாங்க, சரி. தாய் போய்ச் சேர்ந்து பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஊரில் எத்தனை பேர் என்று அவங்களிடமே கேளுங்கள்.

ஆனால் உங்கள் பயம் நியாயமானது. வலியில் இருப்பவளைத் திட்டுவதை நான் எந்தக் காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. பிரசவத்தின்போது கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் வழி உண்டு, அம்மாவையோ அக்காவையோ உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள். மல்லாந்தே படுத்திருக்க வேண்டியதில்லை, நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். எல்லாருக்கும் தையல் போடும்படி வெட்டவும் அவசியமில்லை. எட்டாம் மாதத்திலேயே போய் நர்ஸிடம் இதையெல்லாம் பேசி வையுங்கள். அணைக்கட்டு, ஜவ்வாது மலைப் பக்கம் இருந்து இதைப் படிக்கிற பெண்களுக்கும் ஒன்று: வலி எடுத்த பிறகு 108க்கு போன் போட்டுக் காத்திருக்காமல், நாள் நெருங்கும்போதே கீழே வந்து தங்கிவிடுங்கள்.

கேள்வி: என் மாமியார் ஊரில் பிரசவம் பார்த்தவர். பிளஸ் டூ முடித்த என் மகள் தானும் மருத்துவச்சி ஆகணும் என்கிறாள். நேராக அதற்கே படிப்பு உண்டா?
- ஒரு தாய், பேரணாம்பட்டு

பதில்: ரொம்ப சந்தோஷம், அனுப்புங்கள். நம் நாட்டில் நர்ஸிங் வழியாகத்தான் போகணும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் 4 வருட பி.எஸ்சி. நர்ஸிங், இல்லாவிட்டால் 3 வருட ஜி.என்.எம். (ஜெனரல் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி) டிப்ளமா. இரண்டிலும் பிரசவம் பார்க்கும் பயிற்சி உண்டு, முடித்து நர்ஸிங் கவுன்சிலில் பதிந்தால் நர்ஸ், மிட்வைஃப் இரண்டாகவும் பதிவாகும். 2 வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ் மிட்வைஃப்) படித்தால் கிராம சுகாதார நர்ஸ் வேலைக்குப் போகலாம். இதற்கு மேல், சிக்கலில்லாத பிரசவத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை மிட்வைஃபே பார்த்துக்கொள்ளும்படி மத்திய அரசு 2018இல் வழிகாட்டுதல் கொடுத்து, 18 மாத நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி படிப்பைக் கொண்டுவந்தது. உங்கள் மகளின் ஆசைக்கு ஏற்றது இதுதான், வேலையும் ஆஸ்பத்திரி பிரசவ அறையில்தான், வீடுகளில் இல்லை.

ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து வேலூருக்கு வந்தார். அவர் தொடங்கிய சி.எம்.சி.யில் (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்) 1909இலேயே நர்ஸிங் பள்ளி வந்துவிட்டது, 1946இல் பட்டப்படிப்பும் வந்தது. அங்கே இடம் கிடைப்பது கஷ்டம், கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் போடுங்கள். தனியார் கல்லூரி என்றால் மாணவிகளைப் பயிற்சிக்கு அனுப்பும் ஆஸ்பத்திரியில் நிஜமாகவே பிரசவம் நடக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், கட்டடத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மூன்று மாதத்தில் மிட்வைஃப் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், அதை வைத்துப் பிரசவம் பார்க்க முடியாது.