மயிலாப்பூருக்கு 11 கட்டம் ஏன்?

சென்னை ஏரியா பேரை டைப் பண்ற உங்க ஜாவாஸ்கிரிப்ட் விளையாட்டில் 'மயிலாப்பூர்' ஏன் 11 கட்டம் கேட்குதுன்னு கேட்டிருந்தீங்க. எழுத்துகளை லெங்த்தை (length) வெச்சு எண்ணாதீங்க. ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிற, உரையைத் துண்டு போடுற இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) கிராஃபீம் அளவில், அதாவது நாம ஒரு எழுத்தாப் பார்க்கிற அளவில், ஓடவிட்டு எண்ணுங்க. அப்போ 'மயிலாப்பூர்' 11 கட்டம் கேட்காது, 6தான் கேட்கும்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. 'பூ' நமக்கு ஒரு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ரெண்டு.

சரியா டைப் பண்ணியும் 'கொளத்தூர்' தப்புன்னு வருதுன்னீங்களே, அது வேற கோளாறா இருக்கும். பிரவுசர் கன்சோலில் அதோட லெங்த்தைப் பாருங்க. 9 வரணும். 10 வந்தா 'கொ'வில் கொம்பும் காலும் பிரிஞ்சு கிடக்குன்னு அர்த்தம். ஒப்பிடுறதுக்கு முன்னாடி டைப் பண்ணினது, சரியான விடை ரெண்டுக்கும் நார்மலைஸ் (normalize) போடுங்க, பிரிஞ்சு கிடக்கிறது ஒண்ணாயிடும். (இதுக்கே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.)

ஆனா 'ஸ்ரீ', 'க்ஷ' ரெண்டையும் செக்மென்டர் உடைச்சுடும், கையாலதான் சேர்க்கணும். 125க்கு முந்தைய ஃபயர்பாக்ஸில் செக்மென்டரே கிடையாது.