ஆதிக் கிறிஸ்தவர்களின் சொற்கள்: கேள்வி பதில்

கேள்விகளை அனுப்பிய அனைவருக்கும் வணக்கம். வந்தவற்றில் பெரும்பாலானவை, ஒரே பொருளுக்குக் கத்தோலிக்கர் ஒரு சொல்லும் சீர்திருத்த சபையார் வேறொரு சொல்லும் வழங்குவதால் எழுந்த குழப்பத்தைப் பற்றியவை. ஆகவே எந்தத் தமிழ்ச் சொல் சிறந்தது என்ற வழக்கிற்குள் போகாமல், அதன் அடியில் இருக்கும் கிரேக்க, எபிரேய, அரமேயச் சொல் முதல் சில நூற்றாண்டுகளில் என்ன பொருளில் வழங்கியது என்பதிலிருந்து பதில் எழுதுகிறேன்.

ஐயா, 'கிறிஸ்து' என்பது இயேசுவின் குடும்பப் பெயரா? (ஒரு பள்ளி மாணவர்)

அது பட்டம். எபிரேயத்தில் 'மஷியாக்', கிரேக்கத்தில் 'கிறிஸ்தோஸ்'. இரண்டுக்கும் எண்ணெய் பூசப்பட்டவர் என்றே பொருள். அபிஷேகம் செய்யப்பட்டவர் என்றால் நமக்கு எளிதில் விளங்கும். ஆனால் பாலும் தேனும் வார்க்கும் கோயில் அபிஷேகத்தை மனத்தில் கொள்ள வேண்டாம். சாமுவேல் தைலக் குப்பியை எடுத்துச் சவுலின் தலையில் வார்த்தது அவரை அரசராக ஏற்படுத்துவதற்காக. ஆகவே முதல் தலைமுறையினர் 'இயேசு கிறிஸ்து' என்று சொன்னபோது, இஸ்ரவேல் காத்திருந்த அரசர் இவரே என்ற முழு வாக்கியத்தையும் இரண்டு சொற்களில் அடக்கினார்கள்.

'கிறிஸ்தவர்' என்ற பெயர் அந்தியோகியாவில் முதன்முதல் வழங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. ஏரோதின் கட்சியாரை ஏரோதியர் என்றது போல, வெளியார் சூட்டிய கட்சிப் பெயராகவே அது தோன்றுகிறது. அவர்கள் தங்களுக்குள் சகோதரர், பரிசுத்தவான்கள், இந்த மார்க்கத்தார் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

ஞானஸ்நானமும் திருமுழுக்கும் ஒன்றா? தலையில் தண்ணீர் தெளித்தால் செல்லாது என்று என் உறவினர் சொல்கிறார். (ஓர் இல்லத்தரசி)

இரண்டும் ஒன்றே. 'பாப்திசோ' என்ற கிரேக்க வினைச்சொல்லுக்கு அமிழ்த்துதல் என்பது பொருள்; கப்பல் மூழ்குவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். அந்த அளவில் 'முழுக்கு' என்ற சொல் மூலத்திற்கு நெருக்கமானது.

செல்லுமா செல்லாதா என்பதற்கு, 'திதாக்கே' எனப்படும் பழைய கிரேக்கக் கையேட்டைப் பாருங்கள். முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் அந்நூல் பல நூற்றாண்டுகள் கைக்குக் கிடைக்காமல் இருந்து, 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் ஓர் ஓலைக்கட்டைப் போன்ற பழைய தோற்சுவடிக்குள் அகப்பட்டது. அது சொல்லும் முறை இது: ஓடும் நீரில் கொடுங்கள், ஓடும் நீர் இல்லையென்றால் வேறு நீரில், குளிர்ந்த நீர் இயலாதென்றால் வெந்நீரில், இரண்டும் போதிய அளவு இல்லையென்றால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள். முழுக்கு வழக்கமாகவும் ஊற்றுதல் விதிவிலக்காகவும் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். உங்கள் உறவினர் சொல்வதில் பாதி சரி. ஆனால் தண்ணீரின் அளவை விட, பெறுகிறவர் ஓரிரு நாள் முன்பே உபவாசம் இருக்க வேண்டும் என்பதில்தான் அந்நூல் கண்டிப்பாக இருக்கிறது.

சபை என்பது கட்டடமா, மக்களா? (ஒரு கல்லூரி ஆசிரியர்)

மக்கள். அதிலும் தொடக்கத்தில் சமயச் சாயலே இல்லாத சொல் அது. 'எக்லேசியா' என்றால் கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இஸ்ரவேலர் கடவுள் முன் கூடியதையும் அதே சொல்லால் குறித்தார்கள். கிறிஸ்தவர்கள் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எபேசுவில் நடந்த கலவரம் இதற்கு நல்ல சான்று. ஆர்த்தமி தேவியின் வெள்ளிக் கோயில்களைச் செய்து விற்ற தெமேத்திரியு, பவுலின் பிரசங்கத்தால் பிழைப்புக் கெடுகிறது என்று தொழிலாளரைத் தூண்டிவிட, ஊரே அரங்கத்திற்குள் ஓடி இரண்டு மணி நேரம் முழக்கமிட்டது. தாங்கள் ஏன் கூடினோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அந்த அமளிக் கும்பலையும் அப்போஸ்தலர் நடபடிகளின் கிரேக்க மூலம் 'எக்லேசியா' என்றே எழுதுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே 'கூட்டம்' என்று வருவதால் வாசகர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்.

கட்டடம் என்று பார்த்தால், நீண்ட காலம் விசுவாசிகளின் வீடுகளே போதுமானவையாக இருந்தன. சிரியாவில் யூப்ரத்தீஸ் ஆற்றங்கரையிலுள்ள தூரா யூரோப்போஸ் நகரில் 1930களில் அகழ்ந்தெடுத்த வீடு ஒன்றில், அறைகளை ஒன்றாக்கிக் கூட்டம் கூடும் இடமும், வேறோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டியும் அமைத்திருந்தார்கள். தொட்டிக்கு மேல் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பரின் ஓவியம் இருந்தது. பாரசீகரின் முற்றுகைக்கு அஞ்சி நகர்க்காவலர் மதிலை ஒட்டிய தெருவை மண்ணால் நிரப்பியதால்தான் 256ஆம் ஆண்டை ஒட்டி அழிந்த நகரத்தில் அந்தச் சுவர்கள் தப்பின.

வேதாகமத்தில் வரும் 'கண்காணி' யார்? (இலங்கை மலையகத்திலிருந்து ஒருவர்)

நீங்கள் கேட்பதன் காரணம் புரிகிறது. தோட்டத்தில் ஆள் பிடித்து வேலை வாங்கிய கங்காணியும் அதே சொல்தான். 'எபிஸ்கொப்போஸ்' என்றால் மேற்பார்வை செய்பவர். மூப்பர், உதவிக்காரர் என்பவையும் அப்படியே அன்றாடச் சொற்கள். புதிய ஏற்பாட்டில் கண்காணியும் மூப்பரும் சில இடங்களில் ஒருவரையே குறிக்கின்றன. ஓர் ஊருக்கு ஒரே கண்காணி, அதாவது ஆயர், அவருக்குக் கீழ் மூப்பர், உதவிக்காரர் என்ற படிவரிசை இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் இக்னேஷியஸ் எழுதிய கடிதங்களில்தான் தெளிவாகிறது.

நற்கருணை என்ற பெயர் எப்படி வந்தது? அன்று அது எப்படி நடந்தது? (ஒரு மறைக்கல்வி ஆசிரியை)

'யூக்கரிஸ்தியா' என்பதன் நேர்ப்பொருள் நன்றி செலுத்துதல். 'நற்கருணை' அழகிய தமிழ், ஆனால் மொழிபெயர்ப்பன்று. ஏறக்குறைய 155இல் உரோமையில் ஜஸ்டின் என்பவர் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார்: அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இடங்கொடுக்கும் வரை வாசிக்கப்படும், தலைவர் அறிவுரை கூறுவார், அனைவரும் எழுந்து செபிப்பர், அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சரசமும் வரும், தலைவர் தம்மால் இயன்றவாறு நன்றி செலுத்துவார். வர முடியாதவர்களின் பங்கை உதவிக்காரர் வீட்டிற்கே கொண்டு செல்வர். 'இயன்றவாறு' என்ற சொல்லைக் கவனியுங்கள்: எழுதி வைத்துப் படிக்கும் செபம் அங்கே இன்னும் நிலைபெறவில்லை.

'சாட்சி' என்றால் ஏன் உயிர் விடுவது? (பெயர் குறிப்பிடாதவர்)

'மார்த்துஸ்' நீதிமன்றச் சாட்சியைக் குறித்த சொல். சொன்ன சாட்சியை மாற்ற மறுத்தவர்கள் கொல்லப்பட்டதால் பொருள் நகர்ந்தது. 'இரத்தசாட்சி' என்ற தமிழ்ச் சொல்லில் இரண்டு பொருளும் அப்படியே நிற்கின்றன.

திரித்துவம் என்ற சொல் வேதத்தில் இல்லை. நிசேயாவில் புதிதாகச் செய்ததா? (ஒரு பொறியாளர்)

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதைக் குறிக்கும் அச்சொல் வேதத்தில் இல்லை என்பது உண்மை. நிசேயாவில் பிறந்தது என்பது உண்மையன்று. 180ஐ ஒட்டி அந்தியோகியாவின் தியோப்பிலஸ் கடவுள், அவருடைய வார்த்தை, அவருடைய ஞானம் என்ற மூன்றைக் கிரேக்கத்தில் 'திரியாஸ்' என்றார். சற்றுப் பின்னர் கார்த்தேஜின் தெர்த்தூலியன் லத்தீனில் 'திரினித்தாஸ்' என்றார். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் வழக்கு வேறு. குமாரன் இல்லாதிருந்த வேளை ஒன்று உண்டு என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் போதித்ததற்கு எதிராக, 'ஹோமோஊசியோஸ்' என்ற சொல்லைச் சங்கம் அறிக்கையில் சேர்த்தது. கத்தோலிக்கர் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று சொல்வது இதைத்தான். இச்சொல்லும் வேதத்தில் இல்லை என்பது அன்றைக்கே எழுந்த ஆட்சேபணை. ஓர் எழுத்துக்காகச் சண்டையிட்டார்கள் என்று கேலியாகச் சொல்லும் 'ஹோமோய்ஊசியோஸ்' (ஒத்த பொருளானவர்) விவகாரம் ஒரு தலைமுறை கழித்து வந்தது.

'மாரநாதா' என்றால் வருகிறாரா, வந்தாரா, வாரும் என்பதா? (ஒரு பாடகர் குழு உறுப்பினர்)

அரமேயச் சொல். 'மாரன் அதா' என்று பிரித்தால் நம் ஆண்டவர் வந்தார்; 'மாரனா தா' என்று பிரித்தால் எங்கள் ஆண்டவரே, வாரும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் மொழிபெயர்க்காமலே இதை வைக்கிறார். பழைய கிரேக்கச் சுவடிகளிலோ சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. திதாக்கேயில் இது உணவுக்குப் பிந்தைய செபத்தின் இறுதியில், 'ஆமென்' என்பதற்குச் சற்று முன் வருவதால், நான் 'வாரும்' என்பதன் பக்கம் சாய்கிறேன்.