டிக்கியில் இருக்கும் பாக்ஸை வெட்டாதீர்கள்

கேள்வி: என் காரின் டிக்கி மூலையில் பொருந்துகிற மாதிரி ஃபைபர் கிளாஸில் சப்ஊஃபர் (அடி பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) பாக்ஸ் செய்யக் கோவையில் ஒரு கார் ஆடியோ கடையில் கொடுத்தேன். போர்ட் (காற்றுத் துளை) இல்லாத, முழுக்க மூடிய சீல்டு பாக்ஸ். பாக்ஸுக்கு 26,000, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), வயரிங், ஃபிட்டிங்குக்கு 32,000, மொத்தம் 58,000 ரூபாய். 46,000 ஜிபே செய்துவிட்டேன். ஊஃபர் மேனுவல்படி உள்ளே 1.25 கன அடி வரும் என்று கடைக்காரர் வாட்ஸப்பில் எழுதியிருந்தார். 'ஒரே வாரம்' என்று வாயால் சொன்னவர் இரண்டு மாதம் இழுத்தடித்ததில், தங்கை கல்யாணத்துக்குக் கார் இல்லை. வந்த பிறகும் பேஸ் கீழே இறங்கவில்லை, உப்பலாகக் கேட்கிறது. டிக்கியைத் திறந்தால் ரெசின் (ஃபைபர் கிளாஸை இறுக்கும் பசை) நெடி. நான்காவது வாரம் நானே வாங்கிக் கொடுத்த 12 இன்ச் ஊஃபரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) கருகிவிட்டது. போய்க் கேட்டதற்கு, வேலை ஆட்கள் முன்னால் கேலி செய்து, 'முதலில் பாக்கி 12,000-ஐ எடுத்து வை' என்றார். திருப்பூரில் இன்னொரு கடையில் காட்டினேன். உள்ளே இடம் போதாது, பாக்ஸை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறோம் என்கிறார்கள். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸே இல்லை என்றும் சொன்னார்கள். போலீசில் மோசடிப் புகார் கொடுத்து, 5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?
— திருப்பூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது ஒரே வரிதான். 1.25 கன அடி என்று அவர் எழுத்தில் கொடுத்தது. மற்றதை எல்லாம் ஓரமாக வையுங்கள்.

கேலி செய்தது தவறுதான், அதற்கு நுகர்வோர் ஆணையத்தில் விலை கிடையாது. தேதி எழுத்தில் இல்லாததால் தாமதத்தையும் பெரிதாக நிறுத்த முடியாது. பேஸ் நன்றாக இல்லை என்பது ஆளுக்கு ஆள், காதுக்குக் காது மாறும். ரெசின் சரியாகக் காயாவிட்டால் நெடி வரும், உண்மை. ஆனால் உங்கள் மனு விசாரணைக்கு வரும்போது நெடி போயிருக்கும். 1.25 கன அடி அப்படி இல்லை. ஏறக்குறைய 35.4 லிட்டர். பாக்ஸுக்குள் 25 லிட்டர்தான் இருக்கிறது என்றால், சொன்னதைச் செய்யவில்லை என்று யாரும் வாதம் செய்யாமலே தெரியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் சேவைக் குறைபாடு அதுதான். பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஜிபே பதிவே போதும். வாட்ஸப் உரையாடலை அழித்துவிடாமல், அது இருக்கும் ஃபோனையும் மாற்றாமல் வைத்திருங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி அதற்குச் சான்று கொடுக்க வேண்டி வரும்.

போலீஸ் வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) பிரிவு 318-இன் கீழ் மோசடி என்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வேலை செய்து, காரையும் திருப்பிக் கொடுத்தவர் மேல் அது நிற்காது.

அடுத்து கணக்கு. ஆம்பைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. ஃபியூஸ் ஒன்றைத் தவிர வயரிங்கிலும் புகார் இல்லை. ஆக உங்கள் சண்டை 26,000 ரூபாய் பாக்ஸைப் பற்றியது. நீங்கள் தர வேண்டிய பாக்கி 12,000. கழித்தால் 14,000. இதற்குத்தான் 5 லட்சம் கேட்கப் போகிறீர்கள். மன உளைச்சலுக்கு ஏதாவது கொடுத்தாலும் இந்த மாதிரி வழக்கில் ஆயிரங்களில்தான் கொடுப்பார்கள்.

கருகிய ஊஃபரையும் சேர்த்துக் கேட்கலாமே என்பீர்கள். கேட்காதீர்கள். சீல்டு பாக்ஸில் இடம் குறைந்தால் உள்ளே காற்று விறைத்துக்கொண்டு கோனை (ஊஃபரின் ஆடும் கூம்பை) அதிகம் ஆடவிடாது. அதனால்தான் அடி பேஸ் குறைந்து, மேலே உப்பலாகக் கேட்கிறது. காயில் கருகுவது சூட்டில். பெரும்பாலும் ஆம்பில் கெயினையும் (சிக்னலைப் பெருக்கும் திருகு) பேஸ் பூஸ்டையும் (பேஸை ஏற்றும் திருகு) திருகி, சிக்னல் சிதைய ஓட்டுவதால் வருவது. எதிர்த்தரப்பு வக்கீல் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி: "பேஸ் போதவில்லை என்று கெயினை ஏற்றியது யார்?" இதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது என்று நினைக்கிறேன். சின்ன பாக்ஸால் காயில் கருகியது என்று மனுவில் எழுதினால், விஷயம் தெரிந்த நிபுணர் ஒரே வரியில் அதை மறுத்துவிடுவார். கூடவே உங்கள் கன அடிக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இப்போது நான் பயப்படும் விஷயம். திருப்பூர் கடையில் பாக்ஸை வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது. பெயின்ட் சரியில்லை என்று வருகிறவர் மறுபெயின்ட் அடித்துவிட்டு வருவார். கிச்சன் கப்போர்டு சரியில்லை என்பவர் பிய்த்து எறிந்துவிட்டு வருவார். இதே மாதிரி ஒரு ஃபைபர் வேலை வழக்கில், என் கட்சிக்காரர் வெட்டிய துண்டுகளைச் சாக்கு மூட்டையில் கட்டி ஆணையத்துக்கே கொண்டுவந்தார். "இது என் கட்சிக்காரர் செய்த பாக்ஸ்தானா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதோடு சரி. வெட்டிய கடைக்காரரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், தொழிலில் இருப்பவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று வரவே இல்லை.

குறைபாட்டை நிரூபிக்க வேண்டியது புகார் கொடுப்பவர். நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே பொருள் டிக்கியில் உட்கார்ந்திருக்கிறது. அதை அளக்க வெட்டவும் வேண்டாம். கருகிய ஊஃபரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாகத் தெர்மாகோல் உருண்டைகளைக் கழுத்துவரை நிரப்பி, பிறகு லிட்டர் அளவு தெரிந்த வாளியில் கொட்டி அளந்தால் போதும். ஆனால் நீங்களே வீட்டில் அளக்காதீர்கள், அந்தத் திருப்பூர் கடைக்காரரை வைத்தும் அளக்காதீர்கள், அவர் இந்த வேலைக்குப் போட்டியாளர். இந்தத் தேதி, இந்த இடத்தில் அளக்கிறோம், வந்து பாருங்கள் என்று கோவைக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை வைத்து அளந்து கையெழுத்து வாங்குங்கள். கோவைக் கடைக்காரர் வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் நல்லது. ஊஃபரின் உடம்பு அடைக்கும் இடத்தைக் கழித்தும் கழிக்காமலும் இரண்டு அளவையும் எழுதச் சொல்லுங்கள். "நான் சொன்னது மொத்தக் கன அடி" என்று அவர் பின்னால் நழுவப் பார்ப்பார். அளவு முடிந்ததும் பாக்ஸை அப்படியே விடுங்கள். வழக்கு என்று போனால், ஆணையம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் வந்து மறுபடி அளக்க அது வேண்டும்.

ஃபியூஸ் மட்டும் காத்திருக்காது. பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயரில் சுமார் 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த வழக்கம். படம் எடுத்துக்கொண்டு, அந்த வயரை மட்டும் பேட்டரி முனையில் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது வெளியே போட்ட வயரிங்கைத்தான். ஆம்பையும் ஊஃபரையும் பாலிசியில் எலக்ட்ரிகல் ஃபிட்டிங் என்று அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டினீர்களா? இல்லையென்றால் இதையும் முடியுங்கள்.

என் அறிவுரை: சமரசம் செய்துகொள்ளுங்கள். அளவு அறிக்கையைக் காட்டி, ஒன்று 14,000-ஐத் திருப்பிக் கொடுத்துப் பாக்கியையும் விட்டுவிடட்டும், அல்லது 1.25 கன அடிக்குப் புது பாக்ஸ் போட்டுத் தரட்டும், நீங்கள் 12,000-ஐக் கொடுத்துவிடுங்கள். பணமாக வாங்குவதே மேல் என்பேன். சண்டை போட்ட மனுஷனிடம் மறுபடி வேலை வாங்குவது சரிவராது.

புது பாக்ஸ்தான் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. ஃபைபரை டிக்கியிலேயே வார்த்து எடுக்க வேண்டும் என்பதால் கார் அங்கே நிற்க வேண்டும். பாக்கி இருக்கும்போது கார் அவர் கையில் போனால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-ஐக் காட்டி, கூலி தரும்வரை காரை விடமாட்டேன் என்பார். அப்புறம் வண்டியை எடுக்கவே நீங்கள் என்னிடம் வர வேண்டியிருக்கும். பழைய வேலைக்குப் பாக்கி எதுவும் இல்லை, 12,000 புது பாக்ஸை அளந்து பார்த்த பிறகே தரப்படும் என்று இருவரும் கையெழுத்திட்ட தாளில் எழுதாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பழைய பாக்ஸ் உங்கள் வீட்டுக்கு வரட்டும். "முழுத் திருப்தி" என்று எதிலும் இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள்.

மசியவில்லையா? பதினைந்து நாள் நோட்டீஸ், பிறகு உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே மனு. நீங்கள் வசிக்கும் இடத்தில் போட 2019 சட்டம் இடம் தருகிறது, நீங்கள் கொடுத்த தொகைக்குக் கட்டணமும் இல்லை. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். மனுவில் 14,000, அளவெடுத்த செலவு, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, அவ்வளவு எழுதினால் போதும். 5 லட்சம் என்று எழுதினால், 14,000 கொடுத்து முடித்துக்கொள்ள நினைத்திருந்தவரும் வக்கீல் வைத்துவிடுவார்.